தப்பென்றாலும் தப்பாகவே

அக்டோபர் 21, திங்கள்

அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஜனவரியில் கொடுத்த டைரி, பீரோவில் புதுத்துணிக்கு அடியில் கிடந்தது. பத்து மாதம் வீணாய்ப் போன பிறகு இன்றைக்கு எடுத்திருக்கிறேன். எழுதுவதற்கு விஷயம் வந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் பி.ஏ. அரசியல் அறிவியல் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒருவருக்குக் கண் தெரியாதாம். அவர் சொல்லச் சொல்லப் பரீட்சைத் தாளில் எழுத ஆள் வேண்டுமாம். எழுதுகிற ஆள் அவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று விதி. நான் பிளஸ் டூ முடித்து, நர்சிங்குக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். படிக்காமல் இருப்பதே ஒரு தகுதியாக ஆனது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

சபையில் சண்டே கிளாஸ் டீச்சர்தான் வந்து கேட்டார்கள். "ஜெபக்கனி கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா, அவள அனுப்புங்க" என்றார்கள்.

"எழுதுவா டீச்சர். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பாளான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீய" என்றாள் அம்மா.

அம்மா சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. தப்பைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. போன மாதம் சபை அறிவிப்புப் பலகையில் இருந்த எழுத்துப் பிழையைச் சாக்பீஸால் திருத்திவிட்டு வந்தேன். அந்த அறிவிப்பை எழுதியவர் போதகர் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 22, செவ்வாய்

கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் வாகை மரம், அதன் கீழே சிமெண்டு பெஞ்சு. அந்த ஆள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பெயர் செல்லத்துரை. ஊர் விளாத்திகுளம் பக்கம். வயது இருபத்திரண்டு இருக்கும். ஆறு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனதாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொஞ்சம் இரக்கத்தைத் தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். அவருடைய சட்டை என் சுடிதாரைவிட நன்றாக இஸ்திரி போட்டிருந்தது. இரக்கத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் எனக்குத்தான் பரீட்சை. ஒரு பத்தி சொன்னார், எழுதினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"சட்டமன்றத் தொகுதி எத்தனன்னு எழுதியிருக்கீய?"

"இருநூத்தி முப்பத்திநாலு."

"நான் இருநூத்தி நாப்பத்திமூணுன்னுலா சொன்னேன்."

"தப்பால்லா சொன்னீய. அதான் சரியா எழுதுனேன்."

"தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. "நான் தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். இல்லன்னா அது ஒங்க பரீட்சையாயிரும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. பரீட்சை வரைக்கும் காலையில் போய்ப் பாடமும் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாப் புத்தகமும் ஒலிப்பதிவாகக் கிடைப்பதில்லையாம்.

அக்டோபர் 25, வெள்ளி

அரசு எப்படித் தோன்றியது என்று இன்றைக்குப் பாடம். ஆதியில் மனிதர்கள் எல்லாரும் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டு அரசை உண்டாக்கினார்கள் என்று ஒரு கொள்கை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எந்த எடத்துல கூடுனாங்க? யாரு கையெழுத்துப் போட்டா?"

"ஒருத்தரும் போடல."

"பெறவு எப்படி ஒப்பந்தம்?"

"அதத்தான் பக்கம் பக்கமாக் கேள்வி கேட்டு எழுதி வச்சிருக்காங்க. நீங்க ஒரு நிமிசத்துல கேட்டுட்டீய" என்று சிரித்தார். கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நான் கேட்டது நல்ல கேள்வி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. கல்லூரி லீவு. திங்கட்கிழமைதான் திறப்பார்களாம். இத்தனை நாள் எதற்கு லீவு விடுகிறார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தப்பாகச் சொன்னாலும் தப்பாகவே எழுத வேண்டும் என்பதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று இன்றைக்குக் கேட்டேவிட்டேன். செல்லத்துரை சொன்னார்.

முதல் வருஷத்தில் ஒரு தாளில் அவர்தான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஆசிரியர் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டச் சொல்லியிருக்கிறார். பின் பெஞ்சில் ஒருவன், "இவனா எழுதுனான்? எழுதிக் குடுத்த ஆளுக்குத் தட்டுங்கடே" என்று மெதுவாகத்தான் சொன்னானாம்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்லா" என்றார்.

அன்றிலிருந்து அவர் தன் மதிப்பெண்ணை யாரிடமும் சொல்வதில்லை. அடுத்து எம்.ஏ. படிக்க வேண்டும், அதற்குப் பிறகு கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசை. முதல் வகுப்பு வேண்டும். இந்த செமஸ்டரில் நழுவினால் கஷ்டம். "மார்க் வேணும். ஆனா எவனாவது கேட்டா, இது என்னோடதுன்னு நானே நம்பிச் சொல்லணும். அவ்வளவுதான்."

அந்தப் பின் பெஞ்சுக்காரன் யார் என்று கேட்டேன். பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். நல்லவேளை அவனுக்கு.

நவம்பர் 8, வெள்ளி

கொல்லையில் பிச்சி பூத்துக் குலுங்குகிறது. வீணாய்ப் போகக் கூடாது என்று தொடுத்து வைத்துக்கொண்டு போனேன். "வழக்கமாக் கனகாம்பரம்லா வப்ப?" என்றாள் அம்மா. கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இன்றைக்கு நீதிமன்றங்கள் பாடம், நான்காவது தடவை. எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

முதல் தாள். எங்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள், ஒரு கண்காணிப்பாளரோடு. செல்லத்துரை மெதுவாகச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். புதுப் பத்திக்கு மேசையில் ஒரு தட்டு. தலைப்புக்கு இரண்டு தட்டு. அவ்வப்போது எழுதிய பக்கங்களை விரலால் பிடித்துப் பார்த்து, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். ஒவ்வொரு பெரிய விடை முடிந்ததும் நான் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுக்கொண்டே தலையாட்டுவார். தன் பிள்ளை ஒழுங்காக நடந்துபோவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும் முகம்.

கை வலிக்கிறது. மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் அம்மா நம்ப மாட்டேன் என்கிறாள்.

நவம்பர் 14, வியாழன்

இரண்டாவது தாள், இந்திய நீதி அமைப்பு. நன்றாக நடந்தது. பேனா பாதியில் நின்றது, மாற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். அம்மா துவைக்கச் சொல்லவில்லை. ஒரு மனிதர் மூன்று வருஷம் படித்ததை ஒரு நிமிஷ மறதி கெடுக்கலாமா? கெடுக்கக் கூடாது. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

போர்வைகளையும் துவைத்துப் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியிலாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

அடிப்படை உரிமை பறிபோனவர் உச்சநீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பில் 32-வது பிரிவு. உயர்நீதிமன்றத்துக்குப் போக 226. நேற்றுப் பத்து மதிப்பெண் கேள்வி இதில்தான் வந்தது. அவர் இரண்டையும் மாற்றிச் சொன்னார். விடை முழுக்க அப்படியே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனார். நான் சரியாக எழுதினேன். 226 என்று சொன்ன இடத்தில் எல்லாம் 32, 32 என்று சொன்ன இடத்தில் எல்லாம் 226.

பிறகு வாசித்துக் காட்டச் சொன்னார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் இல்லாததை, அவர் சொன்னபடி தப்பாகவே வாசித்தேன். அவர் தலையாட்டினார்.

இன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "நேத்து ரெண்டு பிரிவையும் மாத்திச் சொல்லிட்டேம்லா. விடுதிக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் ஒறைச்சுது. பத்து மார்க்கு போச்சு."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு தடவ வாசிச்சீயளே. எழுதும்போது கை எப்படி அரிச்சிருக்கும்னு நெனச்சுப் பாத்தேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "ஆனாலும் அப்படியே எழுதிட்டீய. ரெம்ப நன்றி" என்றார்.

அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் "ம்" என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆராதனையில் பாவ அறிக்கை ஜெபம் வந்தபோது எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். சத்தம் வரவில்லை. பக்கத்தில் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 18, திங்கள்

நாளைய தாளுக்குப் பிரதிநிதித்துவம் பாடத்தை மறுபடியும் வாசித்தேன். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி, மக்கள் சொன்னதைத்தான் சட்டசபையில் சொல்ல வேண்டுமா, அல்லது நல்லது என்று தனக்குப் பட்டதைச் செய்யலாமா என்று இரண்டு வாதம். அந்த இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது.

"என்ன, பக்கம் கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. நல்லது செய்யலாம்னா செய்ய வேண்டியதுதான? மக்களுக்குத் தெரியாம இருந்தா என்ன?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"நல்லதுதான் செய்வாரு. ஆனா எனக்காக வந்த ஆளு எனக்குத் தெரியாமச் செஞ்சா, நான் எதுக்கு அங்கன? வீட்ல இருந்துக்கலாமே." பாடத்துக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

நவம்பர் 19, செவ்வாய்

மூன்றாவது தாள். ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னார். எனக்குச் சரியான வருஷம் தெரியும். தப்பாகவே எழுதினேன். ஒரு நாலு இலக்க எண்ணை எழுத எனக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை. கண்காணிப்பாளர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

இதனால் அது சரியாகிவிடாது என்று எனக்குத் தெரிகிறது.

நவம்பர் 21, வியாழன்

கடைசித் தாள் முடிந்தது. வராந்தாவில் அவர் சந்தோஷமாக இருந்தார். ஆஸ்டல் நண்பர்களோடு குற்றாலம் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அருவியைப் பார்ப்பதைவிட அதில் நிற்பதுதான் முக்கியம், அதில் எல்லாரும் சமம் என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஒரு விசயம் சொல்லணும்" என்றேன். சொல்லி முடித்தேன்.

அவர் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வாசிச்சுக் காட்டுனீயளே?"

"ஆமா."

"தாள்ல இருந்தத வாசிக்கல."

"இல்ல. நீங்க சொன்னத வாசிச்சேன். ஞாபகத்துலருந்து."

அவர் கைக்கோலை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். "மாத்தி எழுதுனது கெடக்கட்டும். ஒங்க குரல வச்சுத்தான் நான் என் தாளப் பாக்கேன். அதுலயே இல்லாதத வாசிச்சா, எனக்கு வேற என்ன இருக்கு?" என்றார்.

படியில் இறங்கும்போது வழக்கம்போல முழங்கையைப் பிடிக்கப் போனேன். "வழி தெரியும்" என்றார்.

பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

நவம்பர் 22, வெள்ளி

ஒன்றும் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அரிசி களைந்த தண்ணீரோடு அரிசியையும் கொட்டிவிட்டேன். அம்மா வந்து சட்டியை வாங்கி வைத்தாள். "அழணும்னா உக்காந்து அழு. எதுக்கு அரிசியப் போட்டுப் பாடாப் படுத்துத?" என்றாள். உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அப்படிச் சொல்லவில்லை. தரையில் சிதறிய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "சொல்லிட்டேலா. இனி அவரு பாடு" என்றாள். பிறகு, "பூ ஏன் வைக்கல?" என்று கேட்டாள்.

நவம்பர் 28, வியாழன்

போன் செய்யலாமா என்று ஏழு தடவை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டால் அவர் மன்னித்துத்தான் ஆக வேண்டியதாகிவிடும். அவர் அப்படிப்பட்ட ஆள். அதனால் செய்யவில்லை.

நர்சிங் விண்ணப்பம் எப்போது வரும் என்று சித்தி கேட்டாள். தெரியாது என்றேன். பரீட்சை முடிந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளாட்சிப் பாடத்தைச் சத்தமாக வாசித்தேன். கேட்க யாரும் இல்லை. ஆனாலும் இந்தப் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதை யாருக்காகவும் சொல்லவில்லை, எனக்கே பிடித்திருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

சபை முடிந்து வந்ததும் போன் அடித்தது. அவர்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு வர முடியுமா? வெள்ளத்தாள் நாலு கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் பத்துத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

அதே பெஞ்சு. லேசாகத் தூறிவிட்டுப் போன ஈரம். அவர் தோள் துண்டால் என் பக்கத்தையும் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"தேர்வு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதணும்" என்றார். நடந்ததைத் துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு விடையின் மதிப்பெண்ணை எடுத்துவிடுவார்கள், எழுதியவர் பெயர் வேண்டியதில்லை, ஆனால் முதல் வகுப்பு தவறினாலும் தவறலாம், எதற்கு இந்த வம்பு, பேசாமல் இரு என்று துறைத் தலைவர் சொன்னாராம்.

"பேசாமதான் இருங்களேன்" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். "என்னால ஒங்களுக்கு முதல் வகுப்பு போகக் கூடாது."

"பத்து மார்க்குக்காகக் காலம் பூரா வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுதீயளா?"

"அப்படின்னா வேற யாரையாவது வச்சு எழுதுங்க. நான் எழுதுனா நீங்க எப்படி நம்புவீய?"

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மூணு வருசத்துல அஞ்சு பேரு எனக்கு எழுதியிருக்காவ. யாரு எத மாத்துனா, எத விட்டான்னு எனக்குத் தெரியுமா? எல்லாரும் வாசிச்சுக் காட்டுனாவ. நானும் தலையாட்டுனேன். ஒரே ஒரு ஆளுதான் வந்து சொன்னாவ" என்றார். "எழுதுங்க."

எழுதினேன். அவர் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, நவம்பர் பதினான்காம் தேதி நடந்த தேர்வில் பதினாறாவது கேள்விக்கு நான் சொன்ன விடை தவறு. என் தாளில் எழுதப்பட்டிருக்கும் விடை சரி. ஆகவே அது என் விடை அன்று. அதற்குரிய மதிப்பெண்ணை நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற விடைகளில் சரியாக இருப்பதும் தவறாக இருப்பதும் என்னுடையவையே."

மேசை இல்லாததால் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார். புதுப் பத்தி.

"எனக்கு எழுதியவர் இதை ஏமாற்றும் எண்ணத்தில் செய்யவில்லை. என்மேல் உள்ள அன்பினால் செய்தார்."

என் பேனா நின்றுவிட்டது. வாகை மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு தாளில் விழுந்தது, துடைத்தேன்.

"எழுதியாச்சா?"

"இல்ல."

"தப்பாச் சொல்லிட்டனா?"

"தப்பாச் சொன்னாலும் அப்படியேதான எழுதணும்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். ஆனால் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அது சரி. தப்பான்னு கேட்டேன்."

"தப்பில்ல" என்றேன்.

எழுதினேன். அவர் கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்துத்தான். இடத்தைக் காட்ட, அவர் விரலைப் பிடித்துத் தாளின் கீழே வைத்தேன். விரலை உடனே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டதும், வாசிக்கச் சொன்னார்.

தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து, அதில் இருந்ததையே வாசித்தேன். கடைசிப் பத்தி வந்தபோது குரல் கம்மியது. ஆனாலும் நிறுத்தவில்லை, கடைசிவரை வாசித்தேன்.

அவர் தலையாட்டவில்லை.

"அந்தப் பத்திய மட்டும் இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.